முக்தேஷ்வர் ஓக் காட்டில் மரக்கன்று தேடிய அனுபவம்

மயூர் விஹாரிலிருந்து:

என் அண்ணன் மகள் ஆராய்ச்சிக்காக உத்தராகண்டில் முக்தேஷ்வர் பக்கம், ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளும் ஒரு வன பஞ்சாயத்துக் காட்டில் தாவரக் கணக்கெடுப்பு செய்தாள். குறிப்பெழுத ஆள் வேண்டும் என்றாள். அன்று ராத்திரியே பழைய டெல்லி ஸ்டேஷனில் காத்கோதாம் ரயில் ஏறிவிட்டேன்.

முதல் வேலை, 10-க்கு 10 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுவது. சரிவில் அதற்கே அரை மணி நேரம் போய்விடும். மேட்டுப்பக்கம் நின்று, 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். 31.5 செ.மீ.க்கு மேல் என்றால் மரம், 10.5-க்குக் கீழே என்றால் கன்று, நடுவில் இருப்பது இளமரம். அங்கே பெரும்பாலும் பாஞ்ச் என்ற ஓக் வகைதான். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும்.

பாசி படர்ந்த பெரிய மரங்களைப் பார்த்து, காடு செழிப்பாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் 1-க்கு 1 மீட்டர் சின்னச் சதுரங்களில் மண்டியிட்டு சருகை விலக்கினோம். பாஞ்ச் கன்று: பூஜ்யம். அடுத்ததிலும் பூஜ்யம். எழுத எழுத எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாட்டுக்குத் தழை அறுக்க வந்த ஒரு பெண் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தீதி, கிளையை வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் எங்கே காய்க்கும்?" என்றார் ஹிந்தியில். பாஞ்ச் பூத்துக் காய் முதிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், நடுவில் கிளை போனால் காயும் போச்சு. அவருக்கும் தழை இல்லாமல் மாடு இல்லை. அதை மறைக்காமல் சொன்ன மனசை நான் மறக்க மாட்டேன். அவரே ஒரு கில்மோடா முள்புதரை விலக்கிக் காட்டினார். ஆடுமாடு வாய் வைக்க முடியாத அந்த இடத்தில் மூன்று கன்றுகள்! அன்றே படிவத்தில் 'கிளை வெட்டு' என்று தனிப் பத்தி சேர்த்தோம்.

ஆர்.கே.புரத்திலிருந்து:

அக்கா, நான் உத்தராகண்டிலேயே சோப்தா பக்கம் பார்த்தது கர்சு ஓக். அது இன்னும் உயரத்தில் வளர்வது. மழைக்காலத்தில்தான் அதன் காய் முதிர்ந்து விழும், விழுந்ததுமே முளைக்கும். ஆகஸ்டில் பாதையோரம் வேர் நீட்டிய காய்களை மிதிக்காமல் நடந்தேன். காய்ந்தால் சீக்கிரமே உயிர் போய்விடும். கர்சுவைக் கணக்கெடுப்பதானால் அட்டைக்கடி பார்க்காமல் மழையில் ஒருமுறை போகச் சொல்லுங்கள்.

மயூர் விஹாரிலிருந்து:

அவளிடம் சொல்லிவிட்டேன் தம்பி. அந்த மூன்று கன்றுக்கும் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். மார்ச்சில் மறுபடி போய்ப் பார்க்கிறோம்.