இந்திய அமைதிப்படையின் காலமும் மலையகத் தமிழரும்: ஒரு கேள்வி

கேள்வி (ஹட்டன்):
உயர்தர வகுப்பில் வரலாறு கற்பிக்கிறேன். என் மாணவர்கள், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையையும், அதையடுத்து வடக்கு கிழக்கில் வந்திறங்கிய இந்தியப் படையையும் விளக்கும்போது, "அதில் நமக்கு என்ன தொடர்பு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போர்முனை இங்கே இல்லாததால், தொடர்பில்லை என்று சொல்லிவிடலாமா?

பதில் 1 (பதுளை):
சொல்ல முடியாது சேர். 1977 வன்செயலில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியிருந்தன. அவர்களும் அந்தப் போருக்குள் வாழ்ந்தவர்களே. உடன்படிக்கை இரு அரசுகளுக்கு இடையிலானது. விடுதலைப் புலிகள் அதில் கைச்சாத்திடவில்லை. ஆயினும் கையொப்பமிடாதவர்களின் ஆயுதங்களைக் களையும் வேலை இந்தியப் படையின் தலையில் விழுந்தது. அக்டோபரில் அது புலிகளுடன் முழுப்போரில் இறங்கியது. அம்மாதம் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை வகுப்பில் சொல்லாமல் விடாதீர்கள். அரசையும் புலிகளையும் பிரித்து நிற்க வந்த படை, தானே ஒரு தரப்பானபின் மக்களைக் காக்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

பதில் 2 (நுவரெலியா):
தெற்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியா தன் ஆதிக்கத்தை அண்டை நாடுகளுக்குள் பரப்புகிறது என்று சொல்லும் 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்ற அரசியல் வகுப்பை, தெற்கின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தொடக்க காலத்திலேயே நடத்தியது. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கருவியாகவே அது கண்டது. இந்தியப் படை வந்ததும் அக்கட்சியின் ஆயுதக் கிளர்ச்சி இந்திய எதிர்ப்பையே முழக்கமாக்கியது. நாம் படையை அழைக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை என்றாலும், இந்தியாவின் ஆட்கள் என்ற சந்தேகப் பார்வை நம் லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மீதும் விழுந்தது. இத்தனைக்கும், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று பெயர்சொல்லும் அந்த உடன்படிக்கை மலையகத் தமிழரைத் தனியாகக் குறிப்பிடவே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

பதில் 3 (கண்டி):
இரு பதில்களையும் மதிக்கிறேன்; ஆனால் மாகாண சபைகளைத் தந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அந்தத் தலையீட்டின் விளைவே, மத்திய மாகாண சபையில் நம்மவரும் அமர்ந்திருந்தார்கள்.

பதில் 2 (நுவரெலியா) மீண்டும்:
உண்மைதான் ஐயா. இருப்பினும், நம்மில் பலர் நாடற்றவர்களாக இருந்ததால், நமக்கு அன்று முதல் தேவையாக இருந்தது குடியுரிமை. அதற்கு வழிவிட்டவை 1986 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்தி நடத்திய பிரார்த்தனைப் போராட்டமும், அவ்வாண்டிலும் 1988இலும் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களும். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறியபோது, அந்தச் சட்டங்கள் ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தன.