மாசி, பங்குனி மாதத் தோல்பாவைக்கூத்து: எந்த இரவில் போய் அமர்வது?

கேள்வி: சித்தூர் வட்டத்துத் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் சித்தூர்க் கொங்கன் படை, நெம்மாறை வேலை, ஊர்ப் பூரங்கள் போன்ற திருவிழாக்கள் என்று வாரம் தவறாமல் ஏதேனும் ஒரு கோயிலில் கூட்டம் சேரும். ஆனால் நான் கேட்க வந்தது, இதே மாதங்களில் ஒற்றப்பாலம், ஷொறணூர் வட்டாரத்துப் பகவதி காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், தோல் பாவைகளின் நிழலைத் திரையில் காட்டி இராமாயணக் கதையை இரவு முழுக்கச் சொல்லும் தோல்பாவைக்கூத்தைப் பற்றி.

சென்ற ஆண்டு பங்குனியில் என் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு காவுக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. யுத்த காண்டத்தில் பெரும்பகுதியை மனப்பாடமாகச் சொல்வார். இரவு பத்து மணிக்குப் போய் அமர்ந்தோம். திரையில் இரண்டு பாவைகள் அசையாமல் நிற்க, உள்ளேயிருந்து ஒருவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார். போர் வரும், அனுமன் வருவான் என்று காத்திருந்த எனக்குப் பொறுமை போய்விட்டது, வாடகைக்காரும் அவசரப்படுத்தியது. பதினொன்றரைக்கு எழுந்துவிட்டோம். நாங்கள் எழும் நேரத்தில் உள்ளே ஒரு பாட்டின் முதலடியைத் தொடங்கினார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்று இரண்டாமடியை முணுமுணுத்தார். அவரை வலுக்கட்டாயமாக அழைத்து வந்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றுவரை போகவில்லை.

இந்த ஆண்டு அவரையும், விருப்பமுள்ள நான்கைந்து மாணவர்களையும் முறையாக அழைத்துப் போக நினைக்கிறேன். எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை மணிக்குப் போவது, உள்ளே பாடுவது பிள்ளைகளுக்குப் புரியுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இது மலையாளக் கலைதானே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். அதற்கும் எனக்குச் சரியான விடை தெரியவில்லை.

பதில்: ஒற்றப்பாலத்துக்காரர்

டீச்சர், வணக்கம். கூத்துமாடத்துக்கு, அதாவது இந்தக் கூத்து நடக்கும் மேடைக் கட்டடத்துக்கு, பின்வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது கூத்தின் தொடக்கம். அந்த நேரத்தில் பாவை அசையாது, பேச்சுத்தான் இருக்கும். இந்தக் கூத்து ஆட்களுக்காக ஏற்பட்டதன்று என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த நிதானம் விளங்கிவிடும். பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் இராம இராவண யுத்தமும் நடந்தது என்றும், அதைக் காண முடியாமல் போன தேவிக்காகவே ஆண்டுதோறும் இதை ஆடிக் காட்டுகிறார்கள் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதனால்தான் கூத்துமாடம் தேவி காணும்படி கட்டப்பட்டிருக்கும். முற்றத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டையும் விடாமல் விடிய விடிய நடத்துவார்கள். பூரத்தன்று யானைக்கும் வெடிக்கும் கூடும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு கூட அதற்கு முந்தைய கூத்து இரவுகளில் வருவதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, விடியற்காலையில் எழுந்து பார்த்தால் முற்றத்தில் துண்டு விரித்துப் படுத்திருக்கும் இரண்டு முதியவர்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளே மட்டும் குரல் தளராமல் போய்க்கொண்டிருக்கும்.

மாடம் 42 அடி நீளம். முன்புறம் முழுவதும் வெள்ளைத் துணி, அதன் கீழ்ப்பகுதியில் கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயிலிலிருந்து கொண்டுவரும் தீயால்தான் அவற்றை ஏற்றுவார்கள். பாவைகளுக்கு முன்பு மான் தோல். இப்போது பெரும்பாலும் ஆட்டுத் தோல். உளியால் பொட்டுப் பொட்டாகத் துளைத்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் வரும்போதுதான் கிரீடமும் ஆரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. எண்ணெய் விளக்கின் சுடர் ஒரு நிலையில் நிற்காமல் துடிப்பதால், அசையாமல் நிற்கும் பாவைக்கும் மூச்சு இருப்பது போலத் தோன்றும். நீங்கள் அசையவில்லை என்று எண்ணிய அந்தப் பாவைகளை இந்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரே இராமனுக்கு அமர்ந்த பாவை, நின்ற பாவை, நடக்கும் பாவை, போரிடும் பாவை என்று தனித்தனியாக உண்டு; பெரும்பாலானவற்றில் ஒரு கை மட்டுமே அசையும்.

எந்த இரவு என்று கேட்டீர்கள். காவுக்குக் காவு ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று, எழுபத்தொன்று என்று இரவுகளின் கணக்கு மாறும். இருபத்தோரு நாள் கூத்தென்றால் பெரும்பாலும் பஞ்சவடியில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடியும். ஆகவே தேதியைக் கேட்பதை விட, கோயில் அலுவலகத்தில் ‘கும்பகருணன் என்றைக்கு, இந்திரசித்து என்றைக்கு’ என்று கதையைச் சொல்லிக் கேளுங்கள். கூத்துக்காரர்கள் மிகச் சரியாகச் சொல்வார்கள். போர் இரவுகளில் நள்ளிரவுக்குப் பிறகுதான் திரை முழுவதும் அம்பும் குரங்குமாக நிறையும். பத்து மணிக்குப் போய் அரைகுறையாக எழுந்து வருவதை விட, ஒரு மணிக்குப் போய் விடியும்வரை இருப்பது மேல்.

பதில்: பாலக்காட்டிலிருந்து ஒரு கம்பன் வாசகர்

உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு நான் விடை சொல்ல ஆசைப்படுகிறேன். உள்ளே பாடப்படுபவை கம்பராமாயணத்துப் பாடல்கள். ஆடுவதற்காகத் தொகுத்த அந்தப் பனுவலுக்கு ஆடல்பற்று என்று பெயர். அதைக் கற்றுத் தேர்ந்தவரைக் கேரளத்தில் இன்றும் புலவர் என்றே அழைக்கிறார்கள். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள், தமிழ் விருத்தங்களைத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே பயின்று, சுவடியாகவும் ஏடாகவும் காத்து வந்திருக்கின்றன. ஷொறணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கூத்துக் கலைஞர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது தமிழ்நாட்டில் அதைக் கொண்டாடியவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. தமிழ்நாட்டிலேயே தோல்பாவைக்கூத்தை நடத்திவருபவர்களில் பலர் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், எந்தக் கலை எந்த மொழிக்காரருடையது என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதில்லை என்று பிள்ளைகளிடம் துணிந்து சொல்லலாம்.

புரியுமா என்றால், பாட்டு முதலில் காதில் விழும்போது உங்களுக்கே சற்று மயக்கமாக இருக்கும். சந்தம் பிரித்து, மலையாள நாவில் ஒலிப்பு மாறி வரும். பிறகு அந்தப் பாட்டுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விரிவாகப் பொருள் சொல்வார்கள். ஒருவர் வினவ மற்றவர் விடை சொல்ல, இடையில் கிளைக்கதையும் நீதியும் புகுந்து, ஒரு பாட்டே அரைமணி நேரம் வளரும். நீங்கள் பேச்சு என்று சலித்துக்கொண்டது இந்த உரைதான். என் தாழ்மையான கருத்தில் கூத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. போவதற்கு முந்தைய வாரம் அந்த இரவுக்குரிய படலத்திலிருந்து பத்துப் பாட்டை அவரையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நிராயுதபாணியாக நின்ற இராவணனை இராமன் போகவிட்டு மறுநாள் வரச் சொல்லும் இடம் போன்ற, பிள்ளைகள் முன்பே கேள்விப்பட்ட பகுதியாக இருந்தால், திரைக்குள்ளிருந்து அந்த அடி வரும்போது அவர்களே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பதில்: ஷொறணூரில் பணிபுரிபவர்

முழு இரவு என்பது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கடினம் என்பது என் எண்ணம். கூனத்தறையில் மறைந்த கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டிப் புலவர் நினைவாக இயங்கும் மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் சிறிய அளவில் ஆடிக் காட்டுகிறார்கள், பாவைகளையும் அருகில் பார்க்கலாம். பெண்களே நடத்தும் குழுவும் அங்கிருந்து வந்திருக்கிறது. பிள்ளைகளை முதலில் பகலில் அங்கே அழைத்துப் போங்கள். காவுக்கு அடுத்த ஆண்டு போகலாம். நெம்மாறை வேலை மலையாள மீன மாதம் 20-ஆம் நாள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் பக்கத்துப் பேருந்துகளில் ஏறவே முடியாது என்பதால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வந்து, விடிந்தபின் ரயிலிலேயே திரும்பினால் வாடகைக்கார் தொல்லையும் இல்லை.

பதில்: ஒற்றப்பாலத்துக்காரர்

ரயில் யோசனை நல்லது. ஆனால் பிள்ளைகளை இந்த ஆண்டே காவுக்கு அழைத்து வர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மின்விளக்கில் ஒரு மணி நேரம் பார்ப்பதும், விளக்குகளின் எண்ணெய் வாசத்தோடு, தூக்கம் கண்ணைச் சுழற்ற, அரைத்தூக்கத்தில் கண் திறக்கும்போதெல்லாம் வேறொரு பாவை நிற்கக் காண்பதும் ஒன்றாகாது. தூங்கினால் தூங்கட்டும், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். மாடத்துக்குள் எட்டிப் பார்க்க விரும்பினால், கூத்து தொடங்குவதற்கு முன் மூத்த புலவரிடம் அப்பாவை விட்டுக் கேளுங்கள். ஆட்டத்தின் நடுவில் வேண்டாம். காணிக்கை செலுத்தினால், கொடுத்தவர் பெயரைச் சொல்லி நலம் வேண்டிப் பாடும் வழக்கமும் உண்டு.

சித்தூர் வட்டத்துத் தமிழாசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கும்பகருணன் வதை இரவே வேண்டும் என்கிறார். தம்பி வீடணன் வந்து அழைத்தும் அண்ணனைவிட்டு வராமல் நிற்கும் இடத்துக்குப் புலவர் என்ன உரை சொல்கிறார் என்று கேட்க வேண்டுமாம். இன்று மாலை முதல் திண்ணையில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்து அந்தப் படலத்தைத் தொடங்கிவிட்டார். நாளை கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி அந்த இரவு என்றைக்கு என்று கேட்டுக்கொள்கிறேன். ஒற்றப்பாலத்து ஐயா, அன்று முற்றத்தில் நீங்களும் இருப்பீர்களானால், வெள்ளை வேட்டியும் நீலச் சால்வையுமாக முன்வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவர் என் அப்பா, வந்து பேசுங்கள்.