அன்டோரா போய்த் திரும்ப ஒருமுறை நுழைவு விசா போதுமா?

வணக்கம், கொஞ்சம் அவசரம். அடுத்த மாதம் அம்மாவோடு பார்சிலோனா போகிறேன், அங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம்தான் என்பதால் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாடான அன்டோராவில் இரண்டு நாளுக்கு அறையும் போட்டுவிட்டேன். நேற்று பாஸ்போர்ட் வந்தது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான்; என்னுடையதில் 'மல்ட்' (பலமுறை நுழையலாம்) என்று இருக்கிறது, அம்மாவுடையதில் நுழைவு எண்ணிக்கை '01'. அன்டோரா ஷெங்கனில் இல்லை, தனி விசாவும் கிடையாது, விமான நிலையமும் இல்லை, பிரான்ஸ் அல்லது ஸ்பெயின் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வர முடியும், அப்படியென்றால் எல்லையைத் தாண்டியதுமே அம்மாவின் ஒரே நுழைவு முடிந்துவிடுமே! பேருந்தில் எல்லா முறையும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள் என்றில்லை என்கிறார் ஒருவர். 68 வயது அம்மாவை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கில்லை. '01' ஐ மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அறையை ரத்து செய்ய வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.