ஓர அளவுக்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவது முறையா?

மேசைவிளக்கு:
நான்கரை ஆண்டு உழைத்து எழுதிய என் ஆய்வேடு சென்ற வாரம் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. காரணமாக மூன்று குறைகளைக் காட்டியிருந்தார்கள். இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அங்குலமே இருந்தது. நன்றியுரை, பொருளடக்கம் போன்ற முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இடாமல் முகப்பிலிருந்தே 1, 2 என எண்ணியிருந்தேன். அட்டவணைகளின் பட்டியலில் 87ஆம் பக்கம் என்றிருந்த அட்டவணை உள்ளே 91ஆம் பக்கத்தில் இருந்தது. ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளவுகோலை வைத்து ஓரத்தை அளந்து ஓர் ஆய்வேட்டை ஏற்க மறுப்பது முறைதானா என்று பட்டறிவு உள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

ஓரக்கோடு:
முறையன்று என்பதே என் கருத்து. இந்த விதிகளில் பெரும்பகுதி தட்டச்சுப் பொறிக் காலத்தின் மிச்சம். வரிகளுக்கு நடுவே பேனாவால் திருத்தம் எழுத இடம் வேண்டும் என்பதற்காக இரட்டை இடைவெளி வந்தது. சாய்வெழுத்து அந்தப் பொறியில் இல்லாததால் நூற்பெயர்களுக்கு அடிக்கோடு வந்தது. பொறி போய்விட்டது, விதி மட்டும் போகவில்லை. ஆங்கில ஆய்வேடுகளுக்குப் பல இடங்களில் கட்டாயமாக்கப்பட்டுள்ள டைம்ஸ் நியூ ரோமன், 1932இல் லண்டனின் டைம்ஸ் நாளிதழ் தன் குறுகிய பத்திகளுக்காகக் கொண்டுவந்த எழுத்துரு. அதை 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் 12 புள்ளி அளவில் ஓடவிட்டால் ஒரு வரியில் எண்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் அடைந்துகொள்கின்றன. அறுபது, எழுபது எழுத்துகளைத் தாண்டாத வரியே கண்ணுக்கு இதம் என்பது அச்சுக்கலையில் நெடுநாளாகச் சொல்லப்படுவது. அழகுக்கும் ஆகாத, வாசிப்புக்கும் ஆகாத ஒன்றை விதி என்று சொல்லி மாணவரை அலைக்கழிக்கிறோம்.

கட்டுநூல்:
ஓரக்கோடு அவர்கள் இடைவெளியைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடப்பக்க ஓரம் அந்தக் கணக்கில் சேராது. பல ஆண்டுகளாக ஆய்வேடுகளைக் கையாள்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தாள்களை அடுக்கிப் பக்கவாட்டில் தைத்து அட்டை போடும்போது ஏறத்தாழ அரை அங்குலம் முதுகுக்குள் போய்விடுகிறது. ஓர் அங்குல ஓரம் மட்டும் விட்ட ஓர் ஆய்வேடு என் மேசைக்கு வந்தது. நடுப்பக்கங்களில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் மடிப்பின் நிழலுக்குள் கிடந்தது. நகலெடுக்க வந்தவர் நூலைக் கவிழ்த்து அழுத்த, முதுகின் பசை வெடித்துப் பதினைந்து தாள்கள் கையோடு வந்துவிட்டன.

அகலமான அட்டவணையைத் தாளில் படுக்கை வாட்டில் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அட்டவணையின் தலைப்பு, நூலின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வாசகர் நூலை ஒருமுறை வலஞ்சுழியாகத் திருப்பினால் நேராகப் படிக்க முடியும். மாற்றி வைத்தால் ஒவ்வோர் அட்டவணைக்கும் நூலை எதிர்ப்பக்கமாக, இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

ரோமன் எண்ணுக்கும் காரணம் உண்டு. நன்றியுரையும் பொருளடக்கமும் கடைசியில்தான் முடிவாகின்றன. அவை இரண்டு பக்கம் நீண்டாலும் முதல் இயல் 1ஆம் பக்கத்திலேயே தொடங்கும்.

ஓரக்கோடு:
கட்டிய நூலை இன்று எத்தனை பேர் எடுத்துப் புரட்டுகிறார்கள்? பெரும்பாலோர் படிப்பது பிடிஎஃப் கோப்பைத்தான். திரையில் அந்த ஒன்றரை அங்குலம் வெறும் வெற்றிடம். ரோமன் எண்ணோ, திரையில் 112 என்றும் தாளில் 98 என்றும் காட்டி மேற்கோள் எடுப்பவரைக் குழப்புகிறது.

கட்டுநூல்:
தாளில் உள்ள எண்ணையே திரையும் காட்டும்படி கோப்பிலேயே பக்கப்பெயர்களை அமைத்துவிட்டால் அந்தக் குழப்பம் இராது. மின்படிக்கு மாறியதால் விதிகள் குறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கின்றன என்பதே உண்மை. நெடுங்காலப் பாதுகாப்புக்காக 2005இல் சர்வதேசத் தரமாக வந்த பிடிஎஃப்/ஏ, எல்லா எழுத்துருக்களும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேட்டில் எழுத்துருவை உட்பொதிக்காமல் விட்டால், வேறு கணினியில் இயல் தலைப்பே பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும். உட்பொதித்தாலும் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியாது. அதை எழுதியவர் நான்கரை ஆண்டு உழைத்திருந்தாலும் தேடுபவர் கண்ணில் படமாட்டார்.

சிவப்புமை:
தேர்வாளராகச் சில ஆய்வேடுகளைப் படித்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். மேசைவிளக்கு சொன்ன மூன்று குறைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள். முதல் இரண்டும் அமைப்பு விதிகள், மூன்றாவது பிழை. பட்டியலில் 87, உள்ளே 91 என்றால் அந்தப் பட்டியலைக் கையால் தட்டச்சிட்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அதைக் கண்டதும் அட்டவணைக்குள் இருக்கும் எண்களையும் கூட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படிக் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வேட்டில் மாதிரி அளவு 240 என்று எழுதியிருந்தது, நிரலின் கூட்டுத்தொகை 236 வந்தது. நான்கு பேர் எங்கே போனார்கள் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டபோது பதில் இல்லை.

வேர்டில் தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்து, அட்டவணைகளுக்குத் தானியங்கித் தலைப்பு இட்டு, முன்பக்கங்களைத் தனிப் பிரிவாக வெட்டி, முந்தைய பிரிவோடு உள்ள தொடர்பை நீக்கினால் எண்கள் தாமாகவே சரியாகும். பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் எண்களைத் தாமாக இடும் எல்லாப் புலங்களையும் ஒருமுறை புதுப்பிக்க மறக்கக்கூடாது. பக்கங்களை அச்சுக்கு வடிவமைக்கும் மென்பொருளான லேடெக்ஸ் அறிந்தவருக்கு இதிலும் பாதி வேலைதான். அறியாதவர் சமர்ப்பிக்கும் மாதத்தில் அதைக் கற்கத் தொடங்க வேண்டாம். அதன் அடித்தளமான டெக் மென்பொருள், 1977இல் தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் பிடிக்காமல் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனுத் உருவாக்கத் தொடங்கியது. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை அவருக்கே பல ஆண்டுகளை விழுங்கியது.

ஓரக்கோடு:
மூன்றாவது குறை பிழை என்பதை ஏற்கிறேன். ஆனாலும் முழு ஆய்வேட்டையும் திருப்பி அனுப்பாமல், பெற்றுக்கொண்டு, திருத்திய படியைப் பதினைந்து நாளில் தருமாறு கேட்டிருக்கலாம். சமர்ப்பித்த நாள் தள்ளிப்போவதால் மாணவர் இழப்பதை ஓரத்தை அளப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

மேசைவிளக்கு:
அனைவருக்கும் நன்றி. பட்டியல் பிசகியது ஏன் என்று தேடியபோது, நான்காம் இயலில் ஒரு பெரிய அட்டவணையை இரண்டாகப் பிரித்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த அட்டவணை எண்கள் எல்லாம் ஒன்று கூடியிருக்க, உரைக்குள் ஐந்து இடங்களில் பழைய எண்ணையே சுட்டியிருந்தேன். இதை அலுவலகமும் காணவில்லை. ஓரத்தை விரித்ததில் 212 பக்கங்கள் 228 ஆகிவிட்டன. கட்டுநூல் ஐயா சொன்ன பிறகு படுக்கை அட்டவணைகளைப் பார்த்தேன். மூன்றில் இரண்டின் தலைப்பு வெளி ஓரத்தை நோக்கியே இருந்தது.