வீராணம் ஏரியில் நீந்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லால்பேட்டை வாசி:
ஆடி மாதம். நீர்மட்டம் 46 அடியைத் தாண்டியிருந்தது. கொள்ளிடம் ஆற்றின் கீழணையிலிருந்து வடவாறு கால்வாய் வழியாகப் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியவில்லை. கரையை ஒட்டி வடக்கே நீந்திக்கொண்டிருந்தேன். சட்டென்று இடது காலை எதுவோ பிடித்து நிறுத்தியது. நைலான் வலை. உதறினேன், இன்னும் ஒரு சுற்று இறுகியது. மேல்காற்று அலையை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. தெர்மாகோல் மிதவையில் ஒரு பெரியவர் வந்து, "உதைக்காதே தம்பி, மல்லாந்து படு" என்றார். படுத்தேன். கத்தியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. குழந்தையின் தலையில் சிக்கெடுப்பதுபோல ஒவ்வொரு கண்ணியாக விரலாலேயே விடுவித்தார். வலையில் ஒரு இழைகூட அறவில்லை. பிழைப்பையும் காப்பாற்றிக்கொண்டு என் உயிரையும் காப்பாற்றிய அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை.

சேத்தியாத்தோப்பு:
வலைக்காவது மேலே மிதப்புக்கட்டை தெரியும். மதகுக்கு என்ன அடையாளம்? பாசனத்துக்குத் திறந்திருந்த நாளில் அக்காள் மகன் மதகடியில் பிளாஸ்டிக் குடத்தைத் தவறவிட்டான். தண்ணீர் அசையாமல் கிடப்பதுபோலத்தான் இருந்தது. குடம் மெல்லத் திரும்பியது, சாய்ந்தது, சுவரை ஒட்டி உள்ளே போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்கக் குனிந்த பையனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள் அம்மா. குடம் மறுபக்கம் வாய்க்காலில் நசுங்கி வந்தது. சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரியில் யாரும் இறங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

காட்டுமன்னார்கோவில்:
சேத்தியாத்தோப்பு நண்பர் சொல்வதை ஏற்க முடியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறு எங்கே நீச்சல் கற்பார்கள்? தடுத்தால் யாரும் இல்லாத மத்தியான வேளையில் திருட்டுத்தனமாக இறங்குவார்கள். அது இதைவிடக் கொடுமை. என் அனுபவம் சிறியது: வேறொரு ஏரியில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு கவிழ்ந்தபோது கூட வந்தவரின் லைஃப் ஜாக்கெட் கொக்கி மாட்டாமல் இருந்ததால் முகத்துக்கு மேல் ஏறி அவர் மூச்சையே அடைத்தது.

ஆகவே ஜாக்கெட்டைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை. வண்டல் அள்ளிய இடங்களில் இடுப்பளவு தண்ணீர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். கோடையில் ஏரி வற்றும்போதே பள்ளங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கைகள் தண்ணீரை அழுத்தும், வாய் மேலே வந்து வந்து போகும். உடனே குதிக்காதீர்கள். வேட்டி, கயிறு, மூடிபோட்ட காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சேத்தியாத்தோப்பு:
கேன் யோசனை நல்லது. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நேற்று மூடியிருந்த மதகு இன்று திறந்திருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? எந்த மதகிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி அவர்களை இறக்குவீர்கள்? அதை முதலில் எழுதுங்கள்.