தாராவி கல்லிகளில் குழாய், கழிப்பிடம், சாக்கடை குறிக்க எந்த ஆன்லைன் வரைபடம் சரி?

சந்துமுனை:
வணக்கம். மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய கல்லிகளில் (சந்துகளில்) பொதுக் கழிப்பிடம், தண்ணீர்க் குழாய், மூடியில்லாத சாக்கடை, விளக்கு எரியாத இடம் இந்த நாலையும் மழைக்கு முன்னால் வரைபடத்தில் ஏற்றி, மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீசில் காட்ட வேண்டும். மகளிர் குழு அக்காமாரும் காலேஜ் பிள்ளைகளுமாக 40 பேர், எல்லாரிடமும் ஆண்ட்ராய்டு போன். செலவுக்குப் பணம் இல்லை. ஒரு இலவச வரைபடத்தின் எடிட் லிங்கை எல்லாருக்கும் கொடுத்தோம். இப்போது புள்ளிகள் இடம் மாறிக் கிடக்கின்றன, பாதிப் புள்ளிகள் 90 அடி சாலையின் மேலேயே விழுந்திருக்கின்றன. வயதானவர்கள் போன் வரைபடத்தைத் தொடவே தயங்குகிறார்கள். எங்கே மாற்ற வேண்டும்?

நெல்லைக்கோடு:
எடிட் லிங்க் 40 கையில் இருப்பதுதான் முதல் சிக்கல். அது கிடைத்த யாரும் யாருடைய புள்ளியையும் இழுக்கலாம், அழிக்கலாம். சின்னத் திரையில் வரைபடத்தை நகர்த்தப் போய் புள்ளியை நகர்த்திவிடுவார்கள், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. தகவல் வாங்கும் வழி வேறு, ஊர் பார்க்கும் வரைபடம் வேறு என்று பிரித்துவிடுங்கள்.

தகவல் வாங்க கோபோடூல்பாக்ஸ், போனில் படிவம் நிரப்பி அனுப்பும் கருவி அது. அதன் கோபோகலெக்ட் ஆப் நெட் இல்லாமலும் ஓடும், வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம். ஆறு கேள்வி போதும்: வகை, இடம், பக்கத்து அடையாளம், இப்போதைய நிலை, பார்த்த தேதி, ஒரு படம். படத்தை 1024 பிக்சலுக்குச் சுருக்கும்படி படிவத்திலேயே அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் டேட்டா தீர்ந்து பாதிப் படிவம் போனிலேயே தங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வாங்கும் படத்தை நம்பாதீர்கள். அனுப்பும்போதே படத்துக்குள் இருக்கும் இட விவரம் கழன்றுவிடும்.

வந்ததை இரண்டு பேர் தினமும் சரிபார்த்து, சரியானதை மட்டும் கூகுள் ஷீட்டில் தனித் தாளுக்கு மாற்ற வேண்டும். அந்தத் தாளை சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாலான அட்டவணைக் கோப்பு) வெளியிட்டு, அந்தச் சுட்டியை, சொந்த வரைபடம் செய்துகொள்ளும் இலவசத் தளமான யூமேப்பில் வெளித்தரவு அடுக்காகக் கொடுங்கள். ஷீட்டில் திருத்தினால் சில நிமிடத்தில் வரைபடமும் மாறும். தரவு வராவிட்டால் அதே பக்கத்தில் ப்ராக்ஸி (இடைச் சர்வர்) வழியாகக் கேட்கும் பொத்தானைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். நாலு வகைக்கும் நாலு அடுக்கு, நாலு நிறம். நிறத்தை மட்டும் நம்பாமல் சின்னமும் வேறுவேறாக இருக்கட்டும், வார்டு ஆபீசில் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும்.

யூமேப்பில் கணக்கு இல்லாமலும் வரைபடம் தொடங்கலாம், ஆனால் அந்த ரகசிய எடிட் லிங்க் தொலைந்தால் வரைபடமும் கைவிட்டுப் போகும். யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்கால் யூமேப்பில் நுழைந்து செய்யுங்கள்.

ஷீட்டில் இட எண்களின் (அட்சரேகை, தீர்க்கரேகை) தலைப்பு ஆங்கிலத்தில் எல்-ஏ-டி, எல்-ஓ-என் என்று இருக்கட்டும். தாராவிக்கு முதலாவது 19.04 பக்கம், இரண்டாவது 72.85 பக்கம். இரண்டும் இடம் மாறினால் புள்ளி நார்வேக்கு வடக்கே கடலில் விழும். புள்ளி காணவில்லை என்றால் முதலில் அங்கே தேடுங்கள். தசமத்துக்குப் பின் 5 இலக்கம் வேண்டும், அது ஏறக்குறைய 1 மீட்டர். எக்செல் வழியாகப் போய் 3 இலக்கமாகச் சுருங்கினால் 100 மீட்டர் வரைகூடத் தள்ளிப்போகலாம். எக்செலில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 வகை சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழெழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும்.

தகரக்கூரை:
90 அடி சாலையில் புள்ளி குவிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். யாராவது முகவரியைத் தட்டித் தேடியிருந்தால், கல்லிக்குள் இருக்கும் இடமும் சாலை நடுவில்தான் விழும். இல்லையென்றால், கல்லிக்குள் வானம் தெரியாததால் போன் கடைசியாக வெட்டவெளியில் பிடித்த இடத்தையே வைத்திருக்கும்.

வெட்டவெளியில் சாதாரணப் போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். ஒன்றரை மீட்டர் கல்லியில், இருபுறமும் மாடி, மேலே தகரம் என்றால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டும். அதாவது நாலைந்து கல்லி தாண்டி. கோபோகலெக்ட் 5 மீட்டர் துல்லியம் வரும்வரை காத்திருக்கும், உள்ளே அது வரவே வராது. பிள்ளைகள் பொறுமையிழந்து எது காட்டுகிறதோ அதை அழுத்திவிடுவார்கள். இடக் கேள்விக்கு வரைபடத்தில் கையால் வைக்கும் தோற்றத்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு 'ப்ளேஸ்மென்ட்-மேப்' என்று பெயர்.

கையால் வைக்க அடையாளம் வேண்டுமே. செயற்கைக்கோள் படத்தில் கூரைகள் ஒட்டிக் கிடக்கும், மழைக்காலப் படமென்றால் நீலத் தார்ப்பாய் எல்லாவற்றையும் மூடியிருக்கும். எனவே முதல் நாள் குறை எதையும் குறிக்காதீர்கள். கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், டிரான்ஸ்பார்மர் என்று வானம் தெரிகிற 25, 30 இடங்களை மட்டும் உறுதி செய்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே தமிழ்ப் பெயரோடு ஏற்றுங்கள். பிறகு 'மாரியம்மன் கோயிலிலிருந்து மூன்றாவது கல்லி, இடப்பக்கம்' என்று வந்தால் சரிபார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

மஞ்சள்பை:
தயங்குகிற அக்காமாருக்குத் தாளில் கொடுங்கள். ஏ0 தாளில் 1:500 அளவில் அச்சிட்டால் 420 மீட்டருக்கு 595 மீட்டர் அடங்கும், ஒன்றரை மீட்டர் கல்லி 3 மில்லிமீட்டரில் தெரியும். 1:1000 என்றால் கல்லி ஒரு கோடாகிவிடும், யாருக்கும் தன் வீட்டுவாசல் பிடிபடாது. பேப்பர் மேல் ட்ரேசிங் ஷீட் விரித்து நாலு மூலையிலும் சிலுவைக் குறி போடுங்கள். 8 மில்லிமீட்டர் ஒட்டுப்பொட்டு இந்த அளவில் 4 மீட்டர் இடத்தை மறைக்கும், அது பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் நேர்மேலிருந்து படமெடுத்தால், அந்த நாலு குறியை வைத்து கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் வரைபடத்தின் மேல் பொருத்திவிடலாம். அச்சின் ஓரத்தில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போட வேண்டும், உரிமம் அதைக் கேட்கிறது.

மேசைக்கு 6 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். ஆண்கள் மேசையும் பெண்கள் மேசையும் தனியாகப் போடுங்கள். இருட்டு இடமும் கழிப்பிடமும் இரண்டு மேசையிலும் ஒன்றாக வராது.

இதை விட முக்கியம்: வீடு, பெயர், போன் நம்பர் எதுவும் பொது வரைபடத்தில் ஏறக் கூடாது. வீடு 2000 ஜனவரி 1-க்கு முந்தியதா, தரையிலா மாடியிலா என்பதைப் பார்த்து மறுசீரமைப்பில் வீடு கிடைக்கும் தகுதி மாறுகிற பகுதி இது. நோட்டும் போனுமாக வருகிறவரைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்துவது நியாயம். குறியீடுகள் பொது இடத்தில் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்தில் முகமும் வாசலும் விழ வேண்டாம். யூமேப் படத்தைச் சேமிக்காது, சுட்டியை மட்டும் காட்டும், கோபோவில் இருக்கும் படச் சுட்டி லாகின் கேட்கும். படங்களைக் குழுவுக்குள்ளேயே வைத்து, வார்டு ஆபீசுக்கு மட்டும் அச்செடுங்கள்.

சந்துமுனை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, எல்லாருக்கும். இன்னும் ஒன்று. புள்ளி அதிகமாக இருக்கிற இடத்தைச் சிவப்பாக்கி வெப்பப்படமாகக் காட்டலாமா? ஆபீசில் ஒரே பார்வையில் புரியும் என்று நினைக்கிறோம்.

நெல்லைக்கோடு:
வேண்டாம். 40 பேரும் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேதான் சிவப்பு வரும், பிள்ளைகள் நடக்காத கல்லி சுத்தமானது போலத் தெரியும். தண்ணீர் வராத கல்லி அப்படி விட்டுப்போனால், நீங்களே அந்தக் கல்லிக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆகும். நடந்து பார்த்த பகுதியைத் தனி அடுக்கில் வெளிர்நிறமாகப் பூசுங்கள். பார்த்தோம், குறையில்லை என்ற இடமும் ஒரு பதிவுதான்.

ஆபீசுக்கு லிங்க் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஷீட்டில் புகார் எண், புகார் தந்த தேதி, நிலை என்று மூன்று பத்தி சேர்த்து, ஒவ்வொரு சாக்கடைக்கும் மாநகராட்சியில் தனிப் புகார் பதியுங்கள். மாநகராட்சியின் 1916 தொலைபேசி உதவி எண்ணில் கிடைக்கும் புகார் எண்ணையும் அந்தப் பத்தியில் ஏற்றுங்கள். கல்லிவாரியாகப் பட்டியலும் அதன் மேல் சிறு வரைபடமும் ஒரே தாளில் இருந்தால் இளநிலைப் பொறியாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கலாம். வாரம் ஒருமுறை இருவர் போய்ப் பார்த்து நிலையை மாற்ற வேண்டும். மூடி போட்ட சாக்கடை இரண்டு மாதமாக மூடியில்லாததாகவே தாளில் நின்றால், அடுத்த தடவை உங்கள் தாளை அங்கே யாரும் பிரிக்க மாட்டார்கள்.