கொரோனா போயிடுச்சு, பயம் மட்டும் போகல. உங்களுக்கும் இப்படி இருக்கா?

வெண்மேகம்:
வணக்கம். 2021ல கொரோனாவுல அப்பாவ இழந்தேன். ஐசியு வாசல் வரைக்கும் தான் விட்டாங்க, அப்புறம் ஒரே ஒரு வீடியோ கால், மாஸ்க்குக்குள்ள இருந்து ஏதோ சொன்னார், எனக்கு புரியவே இல்ல, சரிப்பா சரிப்பான்னு தலைய ஆட்டிட்டு வச்சுட்டேன். அதுதான் கடைசி. இப்பவும் பக்கத்துல யாராச்சும் இருமினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி எழுந்து விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு பாக்குறேன், 98 காட்டும், ஒரு நிமிஷம் நிம்மதி, திரும்ப மாட்டுவேன். கூட்டம்னா போறதே இல்ல. "இத்தன வருஷம் ஆச்சு, இன்னுமா"ன்னு வீட்ல கேக்குறாங்க. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?

நடைபயணி:
உங்களுக்கு மட்டும் இல்லங்க. கொரோனா வந்த முதல் வருஷத்துலயே உலக அளவுல பதட்டமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிருச்சுன்னு உலக சுகாதார நிறுவனமே 2022ல சொல்லுச்சு, அதுலயும் இளம் வயசுக்காரங்களுக்கும் பெண்களுக்கும் தான் அடி அதிகம். எனக்கு கைகழுவுறதுல இதே கதை, தோல் உரியுற வரைக்கும் கழுவுவேன். கவுன்சிலர் ஒண்ணு புரிய வச்சாங்க: ஒவ்வொரு தடவ செக் பண்ணும்போதும் "செக் பண்ணதால தான் தப்பிச்சோம்"னு மூளை கத்துக்குது, அதனால பயம் குறையாம வளருது. ஒரேயடியா நிறுத்த சொல்லல. கழுவணும்னு தோணினா அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடு, அடுத்த வாரம் பத்து நிமிஷம், அப்படி. முதல் ரெண்டு வாரம் நரகம், அப்புறம் அந்த அலை தானா வந்து தானா அடங்குறத கண்ணால பாத்தேன். நிஜமாவே மூச்சு வாங்குச்சுன்னா மட்டும் டாக்டர்கிட்ட போங்க, அது வேற.

மழைத்துளி:
பயத்த விட துக்கம் தான் பெருசா தெரியுது எனக்கு. முகம் பாத்து வழியனுப்ப முடியாம போனா அந்த துக்கம் பாதியிலயே நின்னுடும். ஆறு மாசத்துக்கு மேலயும் அன்றாட வாழ்க்கைய முடக்கிப் போடுற துக்கத்த இப்ப டாக்டருங்க தனி பிரச்சனையாவே பாக்குறாங்க, 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி 11ங்கிற உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே இருக்கு, சிகிச்சையும் இருக்கு. "இன்னுமா"ன்னு கேக்குறவங்களுக்கு இத காட்டுங்க.

விழித்திரு:
நான் அப்போ கோவிட் வார்டுல நர்ஸ். அந்த மாதிரி வீடியோ கால் பேசுறப்போ ஃபோன பிடிச்சிட்டு நின்னது நாங்க தான், கை மரத்துப் போற வரைக்கும். உங்க அப்பா என்ன சொன்னார்னு எனக்கு தெரியாது. ஆனா மாஸ்க் சத்தத்துல ரெண்டு பக்கமும் எதுவும் கேக்காது, அவங்களும் பாதி நேரம் பதில எதிர்பாக்கல, ஸ்க்ரீன்ல முகத்த தான் பாத்துட்டு இருப்பாங்க. வீடியோ கால் கட் ஆனதும் "பாத்துட்டேன்"னு ஒருத்தர் என்கிட்ட சைகை காட்டினார். அத இன்னும் மறக்க முடியல. நானும் இப்ப கவுன்சிலிங் போறேன் மா, நீங்களும் போங்க.

வெண்மேகம்:
அக்கா, ரொம்ப நேரம் அழுதேன். என் முகத்த அவர் பாத்திருப்பார்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. ஆக்ஸிமீட்டர் பேட்டரிய கழட்டி அண்ணன்கிட்ட குடுத்துட்டேன், வியாழக்கிழமைக்கு கவுன்சிலர் அப்பாயின்மென்ட் போட்டிருக்கேன்.